வாடகைக்குப் போன சிறை

டென்மார்க்கின் வைலே நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர், அந்நாட்டுச் சிறையில் காவலராக இருக்கும் ஈழத்தமிழர். சாவி கையிலிருந்தும், கைதியின் அறைக்கதவைத் தட்டிவிட்டே திறப்பாராம்.

டென்மார்க்கில் தனியார் சிறை இல்லை, எல்லாம் அரசின் செலவிலும் பொறுப்பிலும் நடப்பவை என்று என் ஆய்வேட்டில் பெருமையாக எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"நானும் அப்பிடித்தான் நம்பினனான், தங்கச்சி. இப்ப நாடுகடத்தப்போற வெளிநாட்டுக் கைதியளுக்கெண்டு அரசாங்கம் கொசோவோவிலை சிறையறை வாடகைக்கு எடுக்குது. அப்பிடி அனுப்பப்போறவங்களிலை ஒருத்தன் என்ரை பகுதியிலை இருக்கிறான், அவனை ஞாயிறுதோறும் மகள் வந்து பாக்கிறவள். 'தண்டனை முடியுமட்டும் இஞ்சைதான் இருப்பாய்' எண்டு அவனுக்குச் சொல்லியிருந்தனான்."

"இப்ப உண்மையைச் சொல்லிட்டியளோ அண்ணை?"

"ஓம். 'உனக்கு முதலே தெரியும்தானே' எண்டான். எனக்கும் பேப்பரிலைதான் தெரியவந்தது."

வைலேயில் அவர் இறங்கிப் போனார். அரசு முறித்த வாக்குக்கு அவர் ஏன் பொய்யராக வேண்டும் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.