தள்ளாடிய நடை

என் கணவர் மைசூர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். சென்ற வருஷம் தசரா முடிந்ததிலிருந்து அவர் நடை தள்ளாடியது, பேச்சும் குழறியது. காலையில் தலைவலி, வாந்தி. குடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவர் சத்தியம் செய்தும், தூங்கும்போது நான் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

ஒருநாள் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் விழுந்துவிட்டார். குடிகாரன் என்று எல்லோரும் விலகிப் போனார்களாம். வெகுநேரம் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் ஓடினேன்.

டாக்டர் அவரை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் போய் முட்டியது.

"இது குடியில்லேம்மா. பின்மண்டையிலே சிறுமூளைன்னு இருக்கு. நம்மை விழாம நடக்க வைக்கிறது அதுதான். அதுலே கட்டி வளர்ந்திருக்கும்னு தோணறது. உடனே மதராஸுக்குக் கூட்டிண்டு போங்கோ" என்றார்.

"இப்பவாவது நம்பறியா?" என்று என் கணவர் குழறினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மதராஸ் போக ஏற்பாடு செய்வதற்குள் அவருக்கு நினைவு தப்பியது. மறுநாள் போய்விட்டார்.

இப்போதெல்லாம் தெருவில் யாராவது தள்ளாடி விழுந்தால் கிட்டே போய்ப் பெயரைக் கேட்கிறேன். பதில் குழறினால் ஜட்காவைக் கூப்பிடுகிறேன். குடித்தவராகவே இருந்தாலும் இருக்கட்டும்.