மீசை மாமாவின் கை

குழந்தைகள் காப்பகத்தில் அவருக்கு மீசை மாமா என்று பெயர். அதற்கு முன் கேபிள் ஆலையில் செம்புக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். ஆலையை வேறு ஊருக்கு மாற்றியபோது அவர் கூடப் போகவில்லை. மனைவிக்கு இங்கே ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டும் வேலை இருந்தது. அடுத்த தெருக் காப்பகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுவந்ததும் மனைவிதான்.

"கொழந்தைங்கன்னா உங்களுக்கு உயிரு. போய்க் கேட்டுத்தான் பாருங்களேன்."

போனார். பொறுப்பாளர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை அவரிடம் நீட்டினார். குழந்தை மீசையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. அழுகை நின்றது. நேர்முகத் தேர்வும் அதோடு முடிந்தது.

வேலையில் கெட்டிக்காரர். மூக்குத் துடைப்பதிலிருந்து தூங்க வைப்பதுவரை எல்லாம் வரும். சடை பின்னுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மதியத் தூக்கம் கலைந்து எழும் சிறுமிகளின் தலைகள் குருவிக்கூடு மாதிரி இருக்கும். சிக்கெடுத்து, வகிடு பிரித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வலிக்காமல் பின்னிவிடுவார். அவரிடம் பின்னிக்கொள்ள வரிசையில் தள்ளுமுள்ளே நடக்கும்.

மாலை வந்தால்தான் தொல்லை. அது அம்மாக்கள் வரும் நேரம்.

எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கும் சிறுமி ஒருத்தி அங்கே இருந்தாள். கேள்விக்குறி என்றே அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா பல் டாக்டர். ஒரு நாள் மகளின் சடை மீசை மாமாவின் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பொறுப்பாளர் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. ஆம்பளைங்க கை கொஞ்சம் முரடு இல்லையா? இவளுக்கு வேற யாராவது பின்னட்டுமே."

தணிந்த குரல்தான். ஆனால் அது மீசை மாமாவின் காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த அம்மா வாசலில் வந்து நின்றாலும் அவர் முடியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு தடியாக இருக்கின்றன! வலிக்குமோ என்று தளர்த்தினால் சடை அவிழ்ந்தது. அவிழ்கிறதே என்று இறுக்கினால் குழந்தை கத்தியது. பால்புட்டியின் மூடி கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் ஓடியது. ஒரு பையனுக்கு இடது செருப்பை வலது காலில் மாட்டி அனுப்பிவைத்தார். 'பாத்தீங்களா, நான் சொல்லலையா?' என்பதுபோல் அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, அம்மாங்க வந்தா மட்டும் ஏன் உங்க கைக்கு எல்லாம் மறந்துபோகுது?" என்றாள் கேள்விக்குறி.

அன்று மாலை மீசை மாமா வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். "நம்ம கை கம்பிக்குத்தான் லாயக்கு. பேசாம வேலைய விட்டுடலாமான்னு பாக்குறேன்."

"மத்தியானம் நல்லாத்தானே பின்றீங்க?"

"மத்தியானம் யாரு பாக்குறா?"

"அப்பவும் இதே கைதானே?" என்று கேட்டுவிட்டு மனைவி துணி மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேன் வந்தது. வீட்டை ஒட்டிய சந்தில் அதைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். மீசை மாமா வழக்கம்போல் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். "ஒடி, ஒடி. அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்." எதிர்வீட்டுத் தையல்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பொம்பளைங்களுக்கும் ரிவர்ஸுக்கும் ஏழாம் பொருத்தம்." தினமும் சொல்கிற வேடிக்கைதான். தையல்காரரும் தினமும் சிரிப்பார்.

வேன் கேட்டில் இடித்தது.

மனைவி இறங்கி வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"காலைலேர்ந்து எத்தனை கடை போறேன் தெரியுமா? ஒவ்வொண்ணும் ஒரு சந்து. எங்கயும் ஒரு உரசல் இல்ல. நீங்க பின்னாடி வந்து நின்னா மட்டும் எந்தப் பக்கம் ஒடிக்கணும்னே எனக்கு மறந்துபோகுது."

மீசை மாமாவுக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையைத்தானே நேற்று அந்தப் பிள்ளை சொன்னாள்? இத்தனை நாளாக மனைவியின் வேனுக்குப் பின்னால் வந்து நிற்கும் 'அம்மா' யார் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவுக்கு மீசை வேறு இருந்தது.

"நான் உள்ள போயிடட்டுமா?" என்றார்.

"போனா ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாப்பீங்க. ஏறி என் பக்கத்துல உக்காருங்க. அந்தப் பக்கக் கண்ணாடியப் பாத்து, செவுரு எவ்வளவு கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

மிச்சமிருந்த பன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு முழம் இருக்கு. அரை முழம். போதும்." வேன் வழுக்கிக்கொண்டு சந்துக்குள் போய் நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பன்னு ஒண்ணுகூட நசுங்கல," என்றார்.

மனைவி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு கேள்விக்குறிக்குப் பின்னிவிடுகிற ஆயா அன்று லீவு. மீசை மாமா மூச்சை இழுத்துவிட்டுச் சீப்பை எடுத்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. பக்கத்துல உக்காந்து இந்த ரிப்பனப் பிடிச்சுக்கறீங்களா?"

டாக்டர் அம்மா தயங்கிவிட்டு, முழங்கால் மோவாயில் முட்ட, குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் வேலை வந்ததும் அந்தக் கூர்மையான பார்வை ரிப்பனுக்குப் போய்விட்டது. மீசை மாமாவின் விரல்கள் முதலில் கொஞ்சம் திணறின. கேள்விக்குறி பூனைக்கு ஏன் சடை இல்லை என்று கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டே பின்னியதில் சடை எப்போது முடிந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் அம்மா சடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கே இப்படி வராது. எங்க வீட்டுக்காரருக்குச் சீப்பு பிடிக்கவே தெரியாது."

"நீதான் அப்பாவ விடவே மாட்டியேம்மா," என்றாள் கேள்விக்குறி.

 டாக்டர் அம்மா சனிக்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். சீப்பைத் திருப்புளி மாதிரி பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வகிடு கோணியதும் டாக்டர் அம்மா வாயைத் திறந்தார்.

"அம்மா, அந்தப் பொம்மைங்கள அலமாரியில அடுக்கணும். ஒரு கை குடுக்கறீங்களா?" என்று மீசை மாமா அவரை அந்தப் பக்கம் கூட்டிப்போனார்.

ஒரு சடை காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்துக்குக் கீழுமாக முடிந்தது. கேள்விக்குறி கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். திங்கட்கிழமை காலைவரை அதை யாரையும் அவிழ்க்க விடவில்லையாம்.