மூன்று மணிக்கு மட்டும் வேலை செய்யாத ரிமோட்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் கிளம்ப மாட்டாள். கேபிள் டிவி கடை எங்களுடையது. கடையை நடத்துவது என் வீட்டுக்காரர். போனை எடுத்து, புகாரை நோட்டில் எழுதி, ஆள் எத்தனை மணிக்கு வருவாள் என்று சொல்வது நான். அந்த ஆள், அவருடைய தங்கை.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று பத்து போன் வந்தால் அதில் ஆறு பேட்டரிதான். இரண்டு பேர் டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு செட்டாப் பாக்ஸை மாற்றப் பார்ப்பவர்கள். ஒருவர் பாக்ஸின் முகத்தை மறைத்து அலங்காரத்துக்குப் பூ ஜாடி வைத்திருப்பார். மிச்சம் ஒன்றுதான் நிஜமான கோளாறு. இதில் முக்கால்வாசியைப் போனிலேயே பேசித் தீர்த்துவிடலாம் என்பது என் கட்சி. தெருப் பிள்ளைகள் அவளை 'பேட்டரி அக்கா' என்று கூப்பிடுவார்கள். அதற்கும் சிரிப்பாளே தவிர ஒரு நாளாவது முறைத்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான் முறைப்பேன்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்று சொல்கிறார்களோ அதே நேரத்துக்குத்தான் போவாள். புகார் சொன்னவர் எந்த நாற்காலியில் உட்காருவாரோ அதில் அவளும் உட்காருவாள். உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருப்பாள். வேலைக்குப் போனாளா விருந்துக்குப் போனாளா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். இருபது வருடமாக இதே பாட்டு.

அந்த முறையை அவள் ஒரே ஒரு தடவை மீறினாள். மீற வைத்தது நான்.

ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அப்பா துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் பக்கத்திலேயே ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அப்பா தினமும் மூன்று மணிக்குப் பழைய படம் பார்ப்பார் என்று ஆசையாக ஹாலில் ஹோம் தியேட்டர் வைத்துக் கொடுத்திருந்தாள். பெரிய டிவி, சுற்றிலும் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் கீழ்த்தட்டில் எங்கள் செட்டாப் பாக்ஸ். மூன்று ரிமோட். அப்பா குழம்பிவிடக்கூடாதே என்று பாக்ஸ் ரிமோட்டில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள்.

இரண்டு மாதமாக அவர் தினமும் மூன்றேகாலுக்கு அவளுக்குப் போன் செய்தார், சேனல் மாறவில்லை என்று. அவளும் தினமும் ஒரே பதிலைச் சொன்னாள். சிவப்பு டேப் ஒட்டினது, அதை எடுங்கப்பா, பாத்து, நிதானமா அமுக்குங்க. ஆறு மணிக்கு அவள் வந்து அமுக்கினால் முதல் அமுக்கிலேயே மாறும். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. ஒரு நாள் சாவியைக் கதவிலேயே விட்டிருந்தார். இந்த இரண்டும் எனக்கு வாரம் தவறாமல் நடக்கிறது. ஆனால் தினமும் மூன்றேகாலுக்கு வரும் அந்த போன், அப்பாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது என்று மகளை மனதில் வேறு ஒரு கணக்கைப் போட வைத்தது.

பாக்ஸில்தான் கோளாறோ என்ற கடைசி சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளத்தான் எங்களுக்குப் போன் செய்தாள். மதியம் மூன்று மணிக்கு மேல் வேலை செய்வதில்லை என்று அவள் சொன்னதை நானே நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் வரும் என்றேன். அன்று மதியம் நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுக்க எனக்கு ஆள் வேண்டுமாம். அவள் மூன்று மணிக்குத்தான் போகணும் அண்ணி என்று முனகினாள். நான் ஒரே பிடியாக நின்றேன்.

பத்து மணிக்குப் போனாள். பேட்டரி புதிது. ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேராகக் காட்டி அமுக்கினாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் போன் திரையில் மினுக்மினுக் என்று வந்தது. பாக்ஸை அணைத்துப் போட்டாள், வயரை எல்லாம் பிடுங்கிச் செருகினாள். ஐம்பது தடவை அமுக்கி ஐம்பது தடவையும் மாறியது. சர்வீஸ் சீட்டில் 'கோளாறு: இல்லை. காரணம்: பயன்படுத்துபவர் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் கண்ணாடிக் கடைக்குப் போனோம். நான் கறுப்புச் சட்டம் எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மகள் மறுபடி போன் செய்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து ஹால் இணைப்பை நிறுத்திவிடச் சொன்னாள். அப்பாவைப் பகலில் தனியாக விட முடியவில்லை, முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது, நீங்கள் கொடுத்த சீட்டைக்கூட டாக்டரிடம் காட்டினேன், ரொம்ப உதவியாக இருந்தது என்று நன்றி வேறு சொன்னாள். குரல் கம்மியிருந்தது. ஒன்றாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போகிற போக்கில் இதைச் சொன்னேன். தட்டில் வைத்த கை அப்படியே நின்றது.

"அண்ணி, அவங்க எத்தனை மணின்னு சொன்னாங்க?"

நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்து முறைத்தது. மதியம் மூன்றுக்கு மேல். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? ஐம்பது தடவை சரியாக வேலை செய்தது மூன்று மணிக்கு மட்டும் கெட்டுப்போகுமா என்று கேட்டேன். அவள் கை கழுவிவிட்டு வந்தாள்.

"தெரியல அண்ணி. தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்களும் வாங்க."

இரண்டரைக்குப் போய்விட்டோம். பெரியவர்தான் கதவைத் திறந்தார். நெடிய உருவம், துவைத்துத் தேய்த்த சட்டை. அறையில் பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது. ரிமோட்டை மேல் அலமாரியில் எடுத்து வைத்திருந்தார். தொடுவதில்லை என்றார். கிரேனில் இருந்தபோது, லாரிக்காரன் கையில் டீ தம்ளர் இருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கன்டெய்னரை இறக்கி வைப்பாராம். பெருமையாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார்.

"கை தடுமாறினா கீழ இறங்கிடணும்மா. எத்தனை பேரை நானே இறங்கச் சொல்லியிருக்கேன். இப்ப என் முறை, அவ்வளவுதான். பொண்ணு மேல தப்பில்ல."

நாத்தனார் சிவப்பு டேப் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, அவர் நாற்காலியைக் காட்டச் சொல்லி, அதில் உட்கார்ந்தாள். அமுக்கினாள். மாறியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அமுக்கினாள். மாறியது. பெரியவர் ஓரமாக நின்று ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரிமோட் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அது கிழக்கு ஜன்னல். மதியத்தில் அந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்கவே வழியில்லை. ஆனால் மூன்று மணி தாண்டியதும் தரையில் பாய் அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. எழுந்து போய் ஜன்னலில் பார்த்தேன். எதிர்க் கட்டடத்துக்கு முகப்பு முழுக்கப் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மேற்கு வெயில் அதில் பட்டுத் திரும்பி இந்த ஹாலுக்குள் இறங்கியது. அந்தக் கண்ணாடி எப்போது போட்டது என்று நாத்தனார் கேட்டாள். மூன்று மாதம் ஆகப்போகிறது என்றார் பெரியவர்.

வெளிச்சம் மெல்ல நகர்ந்து கீழ்த்தட்டுக்கு வந்து, பாக்ஸின் முகத்தில் முழுதாக உட்கார்ந்தது. அவள் அமுக்கினாள். மாறவில்லை. என்னிடம் கொடுத்தாள். நான் குத்து குத்தென்று குத்தினேன். அசையவில்லை. அவள் போய் பாக்ஸின் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை நிழலாகப் பிடித்தாள். நான் அமுக்கினேன், மாறியது. கையை எடுத்தாள், நின்றது. ரிமோட்டின் சின்ன வெளிச்சத்தை அந்தப் பெரிய வெளிச்சம் அமுக்கிவிடுகிறது, பாக்ஸுக்கு எதுவும் தெரிவதில்லை, வெயில் நகர்ந்ததும் பழையபடி சரியாகிவிடும் என்று விளக்கினாள். பெரியவர் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வலது கையை ஒரு தடவை விரித்து மூடினார்.

பாக்ஸை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினால் தீர்ந்தது. வெயிலை மறைக்க அவள் பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். முதலில் மகளுக்குப் போன் செய்து, பத்து நிமிடம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று மட்டும் கேட்டாள். பிறகு புதுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினாள். 'கோளாறு: பாக்ஸின் மேல் எதிர்க் கட்டட வெயில். முதல் தடவை நான் நேரம் தவறி வந்து தப்பாக எழுதினேன். பயன்படுத்துபவர்: சரி.' கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டி, மன்னிக்கணும் ஐயா என்றாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, மூக்கின் மேலிருந்த அந்தக் கறுப்புச் சட்டத்தைக் கழற்றித் துடைத்தேன். அவர் இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மகள் மூன்றரைக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாள். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறாள். நாத்தனார் எதையும் விளக்காமல் அப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லி, ரிமோட்டைக் கையில் கொடுத்து, சேனல் மாற்றச் சொன்னாள். அவள் அமுக்கினாள். மாறவில்லை. டேப்பைப் பார்த்தாள், சிவப்புதான். திருப்பித் தட்டிவிட்டு அமுக்கினாள். கையை நீட்டி அமுக்கினாள். முகம் சுண்டிப்போய் எங்களைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தார். குரலில் குத்தல் துளியும் இல்லை.

"பதறாதம்மா. பாத்து, நிதானமா அமுக்கு."

அவள் நிதானமாக அமுக்கினாள். சேனல் மாறவில்லை. ரிமோட்டை அப்பாவின் கையில் வைத்தாள். அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, எங்கள் முன்னாலேயே சத்தம் போட்டு அழுதாள்.