பதினொன்று புள்ளி எட்டு வோல்ட்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இன்வெர்ட்டரில் ஓர் எண்ணை மாற்றியது. பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்சாரம் தானாக நின்றுவிட வேண்டும். அவள் எண்ணை அமைத்தாள். அவர் டார்ச் பிடித்தார்.

"நின்னுட்டா என்ன பண்றது, இன்ஜினியரம்மா?"

"பீப்னு கத்தும்பா. சிவப்பு பொத்தானை அழுத்துங்க, திரும்ப ஓடும். பேட்டரியை மட்டும் கொன்னுடாதீங்க."

"பெத்த தாய் மாதிரி பேசுறியே அதுக்கு!"

முப்பத்தொரு ஆண்டு பேருந்து ஓட்டியவர். டிப்போவில் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். அவசரக்காரப் பயணிகள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. பழைய சிற்றுந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்தார். கூரையில் சோலார் தகடு, கட்டிலடியில் பேட்டரியும் அந்த இன்வெர்ட்டரும். வண்டிக்கென்றே வரும் சின்னக் குளிர்பெட்டி போதுமே என்று மகள் சொல்லியும் வீட்டு பிரிட்ஜையே ஏற்றினார்.

"உங்கம்மா இருபது வருஷமா துடைச்சது. இதை யார்கிட்ட விட்டுட்டுப் போக?"

இன்சுலின் அதில்தான் இருந்தது. மருந்து கெடாமல் இருந்தால்தான் தனியாகப் போகலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பயணம் கிளம்பிய இருபத்திரண்டாம் நாள், வெயிலில் நின்ற வண்டிக்குள் நினைவிழந்து கிடந்தார். ரத்தச் சர்க்கரை, கருவி காட்டக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

வண்டியை எடுத்துவர மகள் போனாள். இன்வெர்ட்டரின் பதிவைப் பார்த்தாள். பதினான்கு முறை நின்றிருந்தது, ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில். பேட்டரி தீர்ந்ததால் அல்ல. பிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும்போது மின்சாரத்தைப் பல மடங்கு இழுக்கும். வோல்ட் ஒரு கணம் 11.8-க்குக் கீழே சரிந்து மீளும். அந்தச் சரிவைப் பொறுத்துக்கொள்ள இரண்டு நொடி அவகாசம் வைத்திருக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. பீப் ஒலி, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தேய்ந்துபோன காதுக்கு எட்டியிருக்காது. அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். அவரிடம் போனில் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவாள்.

பேட்டரியை அளந்தாள். 12.7. புதிதுபோல இருந்தது.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அவருடைய சட்டை தொங்கியது. அதன் பையில், கைக்குட்டையில் சுற்றிய இன்சுலின் புட்டி. தண்ணீர்போல் தெளிந்திருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம், அவர் கையெழுத்தில்: "மருந்துக்கடையில் காட்டணும். இதைப் போடலாமான்னு கேட்கணும்."

மருந்துக்கடை, வண்டி நின்ற சாலையின் எதிர்ச்சாரியில் இருந்தது.