கண்ணில் சொட்டுமருந்தும் அறந்தாங்கி பஸ்ஸும்

அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கண் பற்றிய பாடம் வரும்போது, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள் ஓடும் ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவேன். பார்வைச் சிதறல் குறைபாடு உள்ளவர்களுக்குச் சில கோடுகள் கறுப்பாகவும் சில கோடுகள் மங்கலாகவும் தெரியும் என்று அதைக் காட்டித்தான் விளக்குவது வழக்கம். அந்தப் படத்தில் படுக்கைக் கோடுகள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. அச்சடித்தவர்களைத் திட்டிக்கொண்டே பல வருடங்கள் ஓட்டினேன். போன வருடம் பொறுக்க முடியாமல் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேலும் மார்க்கருமாக உட்கார்ந்து நானே புதிதாக வரைந்தேன். அதிலும் படுக்கைக் கோடுகள் வெளுத்தே இருந்தன. இப்போதெல்லாம் மார்க்கரும் மட்டமாகத்தான் வருகிறது என்று வகுப்பில் குறைப்பட்டுக்கொண்டேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கோடும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, “சார், அப்ப அந்தக் குறைபாடு ஒங்களுக்குத்தான் இருக்கு போல” என்றாள். மணி அடிக்கும்வரை நான் முகத்தைக் கரும்பலகைப் பக்கமே வைத்திருந்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். கண்ணில் சொட்டுமருந்து விடுவோம், வண்டி ஓட்டி வராதீர்கள், துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். மனைவி லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். பதினெட்டு வருடமாகக் கண்ணைப் பாடம் நடத்துகிறவனுக்குத் துணை எதற்கு என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

மருந்து விட்டு முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பிறகு டாக்டரம்மா என் விழித்திரையைப் படம் பிடித்து மானிட்டரில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் நிலா மாதிரி ஒரு வட்டம், அதன் மேல் சிவப்பு ரத்தக் குழாய்கள். நடுவில் கருத்திருந்த ஒரு பொட்டைத் தொட்டு, கூம்புச் செல்கள் இங்கேதான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, எழுத்துப் படிப்பதெல்லாம் இந்த இடத்தால்தான் என்றார். என்னுடையது நன்றாகவே இருந்ததாம். குறை முன்பக்கம்தான். விழியின் முன்படலம் பந்து போல வளைந்திருக்க வேண்டியது, எனக்குக் கரண்டியின் முதுகு போல ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கிறது. அதனால் வெளிச்சம் ஒரே புள்ளியில் போய்ச் சேருவதில்லை.

“வாங்குற எடம் நல்லாருக்கு சார். அனுப்புற எடம்தான் கோணல்” என்று, அந்தக் கோணலைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்.

இதையேதான் நானும் வகுப்பில் சொல்வேன். நம் வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் நமக்கே விவரிப்பது போல இருந்தது.

வெளியே வந்தால் பன்னிரண்டு மணி வெயில். சாதாரணமாக வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கி, நடுவில் வருகிற கதிர்களை மட்டும் உள்ளே விடும். எனக்கோ மருந்தில் அது விரியத் திறந்து கிடந்தது. முன்படலத்தின் ஓரத்துக் கோணலெல்லாம் சேர்த்து உள்ளே போயின. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் சாமி படத்தில் இருப்பது போல ஒளிவட்டம். ஊர்ப்பெயர்ப் பலகைகள் வெறும் தீற்றல்கள். யாரிடமாவது கேட்கலாம். ஆனால் படித்தவன், பலகை எதிரே இருக்க ஊர் கேட்பதா?

கண்மணி சுருங்காவிட்டால் என்ன, அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியாகப் பார்த்தால் அதே வேலைதானே என்று தோன்றியது. பக்கத்துப் பெஞ்சில் காலிக் கூடையோடு ஒரு கருவாட்டுக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். வளையலில் ஊக்குகள் கோத்திருந்தார். ஒன்றைக் கேட்டு வாங்கி, மருத்துவமனைச் சீட்டில் குத்தி, ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். தீற்றல் எழுத்தானது. துளையை இன்னும் சின்னதாகப் போட்டால் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்று பேராசைப்பட்டு, ஊக்கின் நுனியால் மட்டும் தொட்டு இன்னொன்று போட்டேன். அதில் எல்லாம் இருண்டு, மறுபடியும் கலங்கியது. துளை ரொம்பச் சின்னதானால் வெளிச்சம் விளிம்பில் வளைந்து சிதறும் என்பதும் நான் நடத்துகிற பாடம்தான்.

அதற்குள் ஒரு வண்டி கிளம்பியது. அவசரத்தில் முதல் துளையை விட்டுவிட்டு இரண்டாவதில் பார்த்தேன். ‘அ’ என்று மட்டும் தெரிந்தது. ஏறிவிட்டேன்.

ஊரைத் தாண்டிய பிறகு அன்னவாசல் ஒன்று என்றேன். இது அறந்தாங்கி வண்டி என்றார் கண்டக்டர். நான் இறங்க எழுந்தபோது பின் சீட்டிலிருந்து அதே கருவாட்டுக்கார அம்மாவின் குரல் வந்தது. ஜெகதாப்பட்டினம் போகிறவர், அவரும் இதில்தான் ஏறியிருக்கிறார்.

“இங்கிட்டு எறங்காதீங்க தம்பி. எதுக்க வர்ற வண்டியும் ஒங்களுக்குத் தெரியாது. அறந்தாங்கிக்கு வாங்க, நான் ஏத்தி விடுறேன்.”

சொன்னபடியே, அறந்தாங்கியில் அன்னவாசல் வழியாகப் போகும் ஒரு வண்டியில் கையைப் பிடித்து ஏற்றினார். ஏற்றிவிட்டுச் சும்மா போகாமல், “கண்ணு தெரியாதவரு, பாத்து எறக்கி விடுங்க” என்று வண்டி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுத்துப் பேசினால் சொட்டுமருந்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். வெயில் கூசியதால் கண்ணையும் மூடித்தான் இருந்தேன். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெரியவர். புதுக்கோட்டை தாண்டியதும், வெளியே தெரிவதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். இப்ப ஒரு கோயில், இப்ப ஆட்டுமந்தை என்று பொறுமையாகச் சொன்னார். நான்கு மணி வாக்கில் மருந்தின் வேகம் குறைய, எனக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கண்ணைப் பாதி மூடியபடியே இருந்தேன்.

ஒரு குளம் வந்தது. தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. பெரியவர் ஜன்னலில் சாய்ந்து அதையே பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, “கொளம் நெறஞ்சு கெடக்கு தம்பி. கொக்கு நிக்கிது” என்றார்.

நல்ல மழைதான் போல என்றேன்.

அறந்தாங்கியிலிருந்து போனில் சொல்லியிருந்ததால், அன்னவாசலில் மனைவி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். பெரியவர் படிவரை வந்து என் கையை அவள் கையில் கொடுத்து, பத்திரமாகக் கூட்டிப் போகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உடனே, “படி இருக்குங்க, பாத்து” என்று என்னை இறக்கினாள். வண்டி நகரும்போது பெரியவர் ஜன்னலில் கையசைத்தார். நானும் கையைத் தூக்கிவிட்டேன். நினைவு வந்து, பாதியில் தலையைச் சொறிந்துகொண்டேன்.

ஸ்கூட்டரை மனைவியே ஓட்டினாள். வீடு வரும்வரை முன்னால் அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.