நூற்று எண்பத்தேழு மில்லிமீட்டர்

1982 ஜூன் 14, திங்கட்கிழமை. பென்னாகரம் பேருந்து நிலையத்தில் தாவூது பஸ் ஏறினார். முதலில் பம்பாய், பிறகு சவூதியில் தம்மாம். ஸ்டவ் பழுது பார்க்கும் கடையின் சாவியை அண்ணனிடம் கொடுத்திருந்தார். மனைவி வஹிதாவிடம் கொடுத்தது வேறொரு சாவி. பயணியர் மாளிகை வளாகத்தில் மழைமானியைச் சுற்றியிருந்த கம்பி வேலியின் சாவி அது. தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுதும் பகுதிநேர வேலை அவர் பெயரில் இருந்தது.

“எட்டரைன்னா எட்டரை. ரெண்டு வருசந்தான். எம் பேர்லயே கையெழுத்துப் போட்டுரு.”

எட்டு இருபதுக்கு பஸ் நகர்ந்தது. வழியனுப்ப வந்த நாங்கள் கையசைத்துக்கொண்டிருந்தோம். வஹிதா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்துவிட்டார். அன்று மழை இல்லை. பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் ‘தாவூது’ என்று கையெழுத்திட்டார்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. மறுவருடம் நானும் ஊரை விட்டுப் போனேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நான் எங்கெங்கோ திரிந்துகொண்டிருந்த வருடங்களில் அக்கா ஒருநாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. தங்கையின் கல்யாணத்துக்குக்கூட அளவை எழுதிவிட்டுத்தான் பாலக்கோடு போனார். போய்ச் சேர்வதற்குள் நிக்காஹ் முடிந்திருந்தது.

மழை பெய்த நாட்களில் அளவைத் தந்தியாகவும் அனுப்ப வேண்டும். தபால் அலுவலகத்தில் தந்தி பார்க்கும் தீர்த்தகிரிக்கு விஷயம் தெரியும்.

“வாங்க தாவூது பாய்! என்ன, இன்னிக்கும் தாடி வளரலையா?”

“உங்களுக்குத்தான் வளந்து கெடக்கே, அது போதும். தந்திய அடிங்க.”

அந்த எண் மெட்ராஸுக்குப் போகும், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கடல் தாண்டும். பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாடுகள் எல்லோருடைய எண்களையும் சேர்த்து வரும் நாட்களின் வானிலையைக் கணித்து, நம்மைப் போன்ற நாடுகளுக்குத் திருப்பி அனுப்பும். நம்மிடம் அப்போது அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இல்லை. மழை இருந்தது.

1984 அக்டோபரில் ஒரு நாள் காலையில் மழைமானியின் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அளவுக் குழாயில் ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு புளியங்கொட்டையைக் கல்மேல் வைத்தார் அக்கா. ஒன்பது கொட்டை, பத்தாவது குழாயில் ஏழு. நம்பிக்கை வராமல், குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரை எடுத்து மறுபடி அளந்தார். அதே ஒன்பது, அதே ஏழு.

படிவத்தைப் பார்த்த தீர்த்தகிரிக்கு அன்று கிண்டல் வரவில்லை.

“நூத்தி எம்பத்தேழா? புள்ளி எங்கம்மா?”

“புள்ளி இல்லீங்க.”

அன்று மாலை ஒகேனக்கல்லில் சின்னாறு செந்நிறமாக இறங்கி இரண்டு பரிசல்களை அடித்துக்கொண்டு போனது. ஆனால் தர்மபுரியிலும் பாலக்கோட்டிலும் பதிவானது நான்கு மில்லிமீட்டர்.

மூன்று வாரம் கழித்து வானிலைத் துறை ஆய்வாளர் பச்சியப்பன் வந்தார். வாசலில் நின்றபடியே தாவூதைக் கேட்டார்.

“சேலம் போயிருக்காருங்க.”

“எப்ப வருவாரு?”

“தெரியலீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு வருடத்துக் கையெழுத்துகளின்மேல் அவர் விரல் மெதுவாக நகர்ந்தது. கள்ளக் கையெழுத்து என்று கேஸ் போட்டால் தாவூது ஊர் திரும்பும்போதே பிடிப்பார்கள் என்று தீர்த்தகிரி எப்போதோ விளையாட்டாகச் சொன்னது அக்காவின் நினைவுக்கு வந்தது.

“வெளிநாட்டுலேர்ந்து கேட்டிருக்காங்கம்மா. அவங்க கம்ப்யூட்டர் இந்த எண்ண நம்ப மாட்டேங்குது. சுத்துப்பட்டுல எல்லாம் நாலு, இங்க மட்டும் நூத்தி எம்பத்தேழான்னு. பதினெட்டு புள்ளி ஏழுதான், புள்ளி விட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதி உங்க வூட்டுக்காரர்கிட்டக் கையெழுத்து வாங்கி வைங்க. நாளைக்கி வந்து எடுத்துக்கறேன்.”

“ஊரக் கேட்டுப் பாருங்க சார். பேய் மழைங்க.”

“கேட்டேனே. எல்லாரும் அதேதான் சொல்றாங்க. பேய் மழைக்கு எத்தன மில்லிமீட்டர்னு யாருக்கும்மா தெரியும்?”

அவர் போனதும் அக்கா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு புள்ளி. வைத்தால் வேலையும் நிலைக்கும், தாவூதும் தப்பிப்பார். வைக்காவிட்டால் ‘அளந்த ஆளைக் கூட்டி வா’ என்பார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பச்சியப்பன் வந்தபோது காகிதம் வெறுமையாகவே இருந்தது.

“சார், நாங்க குடுக்குற எண்ண வெச்சித்தான் அவங்க கணக்குப் போடறாங்களா?”

“ஆமா.”

“அந்தக் கணக்கு வெச்சித்தான் ரேடியோல நமக்கு மழை சொல்றாங்களா?”

“அதுவுந்தான்.”

“அப்ப பொய்யக் குடுத்தா பொய்யிதானே நமக்குத் திரும்பி வரும்?”

“அம்மா, இதெல்லாம் தாவூதுகிட்டப் பேசிக்கறேன்.”

“அளந்தது நாந்தாங்க. அவரு போயி ரெண்டு வருசமாச்சு.”

பச்சியப்பன் பேனாவை மூடினார். “இத நான் கேக்கல. நீங்களும் சொல்லல. புள்ளிய வெச்சிட்டுக் குடுங்க, போயிடறேன்.”

அக்கா ஐந்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: ‘அளவு 187. இரண்டு முறை அளக்கப்பட்டது. அளந்தவர் வஹிதா.’

பச்சியப்பன் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கேஸ் வரவில்லை. பதினைந்து நாளில் வேலையை ரத்து செய்த உத்தரவுதான் வந்தது. சாவியை வாங்க வந்த ஆள் பதிவேட்டில் 187ஐச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதினான். அதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணி தைத்துக் கொடுக்கத் தொடங்கியவர், ஒவ்வொரு முறை போலீஸ் ஜீப் தெருவில் திரும்பும்போதும் தையல் மெஷினை நிறுத்திவிடுவாராம். தாவூது 1986ல் சிக்கலில்லாமல் வந்து இறங்கும்வரை அது நீடித்தது.

நான் ஊர் திரும்பியது 1988ல். வந்த பத்தாம் நாள் அக்கா ஒரு தபால் உறையோடு வந்தார். “இங்கிலீசு. படிச்சுச் சொல்லுடி.”

உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று பச்சியப்பனின் கையெழுத்தில், தமிழில்: ‘என் அறிக்கையோடு உங்கள் காகிதத்தையும் அப்போதே மேலே அனுப்பியிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது.’

மற்றது கடல் தாண்டிய ஒரு வானிலை மையம் மெட்ராஸுக்கு எழுதிய கடிதத்தின் நகல். பழைய கணிப்புகளை மறுபடி சரிபார்த்தபோது, அந்த இரவின் செயற்கைக்கோள் படத்தில் பென்னாகரத்துக்கு மேலே மட்டும் தனியாக ஒரு மேகக்கூட்டம் தெரிந்தது. நம்பாமல் தள்ளிவைத்த 187 என்ற அளவு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தனித்து நிற்கும் எண்களை இனிப் படத்தோடு ஒப்பிடாமல் தள்ளுவதில்லை. அளந்தவர் வஹிதாவுக்கு நன்றி.

படித்து முடித்தேன். அக்கா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். பிறகு எண் எங்கே என்றார். அதையும் காட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாப் பாருடி. நடுவுல புள்ளி ஏதும் வெச்சிருக்காங்களா?”

“இல்லக்கா.”