கையை எடுக்கும் முன்

“திருப்பிச் சொல்லுங்க.”

மாத்திரை அட்டை கண்ணாடி மேசை மேல் இருக்கிறது. அதன் மேல் மருந்தாளுநரின் வலது உள்ளங்கை. எதை, எப்போது, எத்தனை என்று வாங்க வந்தவர் தம் வாயால் சொல்லும்வரை அந்தக் கை நகராது. தலைவலி மாத்திரைக்கும் இதே சட்டம்தான். “ரெண்டு மாத்திரை வாங்கப் பரீட்சை எழுதணுமா தாயே?” என்று யாரோ கேட்டதிலிருந்து அவளுக்குப் ‘பரீட்சை மேடம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அட்டையை வெட்டினால், காலாவதித் தேதி இல்லாத முனையிலிருந்துதான் வெட்டுவாள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து கொடுப்பாள். அவள் வரையும் நிலா வாழைப்பழம் மாதிரி இருக்கும்.

கடை அவளுடைய அக்கா கணவருடையது. “ஏம்மா, பக்கத்துக் கடையில கேள்வியே கேட்காம கொடுக்கிறான்” என்று கல்லாவிலிருந்து புலம்புவார்.

“கொடுக்கட்டும் மாமா. அங்க வாங்கிட்டு இங்கதானே சந்தேகம் கேட்க வர்றாங்க?”

ஒரு மதியம் தையல்காரர், கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்தார். “வாய்ப்புண்ணுக்கு ஒரு களிம்பு கொடும்மா. வீட்டுக்காரி தண்ணி முழுங்கக்கூட முடியாம அழறா.”

களிம்பை எடுத்த கை பாதியில் நின்றது. “அண்ணே, போன வாரம் அண்ணிக்கு மூட்டுவலி மாத்திரை கொடுத்தேனே, எப்படிப் போடறாங்க?”

“தினம் ஒண்ணு. எட்டு நாளா தவறாம நானே எடுத்துக் கொடுக்கறேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

களிம்பைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் உள்ளே போனால் ரத்த அணுக்களையே அழித்து உயிருக்கு உலை வைத்துவிடும். வாய்ப்புண் அதன் முதல் எச்சரிக்கை.

‘திங்கள் மட்டும்’ என்று அட்டையில் எழுதியிருந்தாள். ஆனால் இவர் எழுத்துப் படிக்கத் தெரியாமல், அளவு நோட்டில் எண்களை மட்டும் எழுதி, ஆளின் பெயருக்குப் பதில் துணித்துண்டை ஒட்டிவைக்கும் மனிதர். அது தெரியாதா எனக்கு? வாயாலும் சொன்னாள்தான். அன்றைக்குக் கூட்டம் முட்டி மோதியது, மாமா “சீக்கிரம், சீக்கிரம்” என்றார், இவர் தலையாட்டினார், அவள் கையை எடுத்துவிட்டாள். திருப்பிச் சொல்லச் சொன்னேனா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வந்தது.

“களிம்பு வேண்டாம். அந்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. இப்பவே அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“வாய்ப்புண்ணுக்கா ஆஸ்பத்திரி? வெட்டின துணி அப்படியே கிடக்கும்மா. சாயங்காலம் பார்த்துக்கலாம்.”

“சாயங்காலம் வரைக்கும் தாங்காதுண்ணே. அன்னிக்கு நான் சரியாக் கேட்காம விட்டுட்டேன். தப்பு என்னுது.”

டாக்டருக்குப் போன் போட்டாள். மருந்தின் பெயர், அளவு, எட்டு நாள் கணக்கு, தன் தவறு எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரர் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

“எங்கம்மா போற? கூட்டம் நிக்குது!”

“நிக்கட்டும் மாமா. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் மாத்திரை கொடுக்காதீங்க.”

தையல்காரர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது. இரண்டு மாதம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். டாக்டர் சீட்டில் மறுபடியும் அதே மாத்திரை, வாரம் ஒன்று. வரிசை வாசல்வரை நின்றது. மாமா “சீக்...” என்று ஆரம்பித்து, இருமுவது போல் மழுப்பினார்.

அட்டை மேல் உள்ளங்கை.

“திங்கக்கிழமை ஒண்ணு” என்றார் தையல்காரர்.

கை நகரவில்லை. அவள் அவர் மனைவியைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை மட்டும். மத்த நாள்ல இந்த மனுஷன் காலைப் பிடிச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன்.”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை. வலது கை அட்டை மேலேயே இருக்க, இடது கையால் பேனாவைப் பிடித்து, உறை மேல் கோணல்மாணலாக ஏழு கட்டங்கள் போட்டாள். ஒன்றை விட்டுவிட்டு, மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள்.